கடந்ததா, தொட்டுத் திரும்பியதா

மார்ச் 3

சின்னவளுக்கு அண்ணி எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். நீயும் நலமாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உன் அண்ணன் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு உன்னோடு போனில் பேசும்போது அவ்வளவு சிரிப்புச் சத்தம் வராது. தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று அவருக்கு நினைப்பு. அரைமணி நேரம் குளித்த மனிதர் தலை நனையாமல் வெளியே வந்தால் எனக்குத் தெரியாதா?

ஏன் போன் செய்யாமல் தபால் எழுதுகிறேன் என்று கேட்பாய். கோபித்துக்கொண்டு போனவள் நீ. போனவள்தான் முதலில் கூப்பிட வேண்டும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். அதைப் போனில் அனுப்பினால் நடுவிலிருக்கும் இடைவெளிகளை எல்லாம் அது விழுங்கிவிடுகிறது. கோடு ஒரு மூலை, நட்சத்திரம் ஒரு மூலை என்று சிதறுகிறது. காகிதத்தில் அச்சடித்தால்தான் அதது அதனதன் இடத்தில் நிற்கிறது.

நீ அங்கே போய், "எங்க அண்ணி என் மேல பழியைப் போட்டுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். யாரிடமாவது சொன்னால் இதைப் படித்துக் காட்டு.

நம் மூன்று பேர் கம்பெனி பார்த்துக்கொள்ளும் லிஃப்டுகளில் ஒன்று, மேல்மாடியில் பல் டாக்டர் கிளினிக் வைத்திருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஓடுகிறது. உன் அண்ணன் வயர் இழுக்கிறார். ஓட்டும் புரோகிராமை நீயும் நானும் எழுதுகிறோம். நாம் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் கம்ப்யூட்டர் சேமித்து வைக்கிறது. எதற்குப் பின் எது வந்தது என்று பார்க்க நான் ஒரு புரோகிராம் எழுதினேன். மெஷின் ரூமில் இருக்கிற கையகலத் திரையில் எழுத்துதான் வரும், படம் வராது. அதனால் கீபோர்டில் இருக்கிற குறிகளை வைத்தே அது வரைகிறது. ஒரு மாற்றம் ஒரு நட்சத்திரம். நட்சத்திரங்களை இணைப்பது கோடு. இடது ஓரக் கோட்டில் இருப்பதுதான் லிஃப்டுக்குள் போகும். நீ பார்க்கிற வேலை தனிக்கோடு, நான் பார்க்கிற வேலை தனிக்கோடு. வேலை முடிந்த பிறகுதான் ஒரு கோட்டை இடது கோட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கீழே பழசு, மேலே புதுசு. இதையெல்லாம் எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. லிஃப்ட் பெட்டியோடு வந்த கையேட்டைப் படித்துத் தொடங்கியவள் நான். தவறாகக் கற்றிருந்தால் இத்தனை லிஃப்ட் இத்தனை காலம் ஓடியிருக்காது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, முடியாத வேலை ஒன்று இடது கோட்டில் சேர்ந்துவிட்டது. லிஃப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே பல் டாக்டர். மேலே அவருடைய நாற்காலியில், ஊசி போட்டு வாய் மரத்துப்போன ஒரு பேஷன்ட். மரத்தது தெளிந்து, அவர் கத்த ஆரம்பித்த பிறகுதான் நம்மால் கதவைத் திறக்க முடிந்தது. கட்டட மீட்டிங்கில் டாக்டர், "இது யார் செஞ்ச வேலை? எனக்கு ஆள் தெரிஞ்சாகணும்" என்று நின்றார். நான் படத்தை எடுத்து, லிஃப்டுக்குள் சேர்ந்த இடத்தில் விரலை வைத்து, கோட்டை ஒட்டியே கீழ்ப்பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தேன். விரல் உன் கோட்டில் வந்து நின்றது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? மறுநாள் நீ ஆபீஸ் சாவியை மேஜையில் வைத்துவிட்டு ரயில் ஏறிவிட்டாய்.

இதுதான் அந்தப் படம். கீழே இடப்பக்க நட்சத்திரம் உன்னுடையது. வலப்பக்கம் என்னுடையது. கிளம்பிய இடத்தைப் பற்றி நமக்குள் சண்டை இல்லை. நீயே பார்.

```
*
|\
| *   *
|  \ /
|  / \
| *   *
```

அண்ணி

மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. முதல் பத்தியை அண்ணனுக்குப் போனில் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது. பாவம்.

அண்ணி, படத்தைப் பார்த்தேன். எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதீர்கள். மீட்டிங்கில் சொன்னதையே இப்போதும் சொல்கிறேன். அந்த இரண்டு கோடும் ஒன்றையொன்று கடக்கின்றன. இடப்பக்கம் கிளம்பிய என் கோடு வலப்பக்கம் போகிறது. வலப்பக்கம் கிளம்பிய உங்கள் கோடு இடப்பக்கம் வந்து, லிஃப்டுக்குள் சேருகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? இரண்டும் பக்கத்தில் வந்து, தொட்டு, வந்த வழியே திரும்பிவிட்டன என்கிறீர்கள். அப்படிப் படித்தால் சேர்ந்தது என் கோடு. படம் என்னவோ ஒன்றுதான். கடந்தாலும் அப்படித்தான் வரும், திரும்பினாலும் அப்படித்தான் வரும். அங்கே கூடியிருந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியவில்லை. நீங்கள் விரலை வைத்து இழுத்தது எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் புரோகிராமை நீங்கள் எழுதும்போதே சொன்னேன், "அண்ணி, குறுக்க போற இடத்துல நடுவுல ஒரு வரி விடுங்க, எது எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியும்" என்று. நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அந்தத் திரையில இருக்கறதே கைவிரல் விட்டு எண்ணுற அளவு வரி. அதுல உனக்கு ஒரு வரி தானமா?" என்றீர்கள்.

சரி, நட்சத்திரத்தின் பக்கத்தில் பெயராவது இருக்கும், யார் செய்ததென்று தெரியும் என்று பார்த்தால், எல்லாவற்றிலும் "ஆபீஸ்" என்றுதான் இருக்கிறது. ஊரில் எல்லாரும் அவரவர் பெயரில் சேமிக்கிறார்கள். நான் கேட்டபோது, "ஒரே வீடு, ஒரே கம்ப்யூட்டர். தனிப்பேரு எதுக்கு? பாகப்பிரிவினையா நடக்குது?" என்றது யார்? என்ன மாற்றம் என்று குறிப்பு எழுதும் இடத்திலும் எல்லாவற்றுக்கும் "திருத்தம்" என்ற ஒரே வார்த்தை. திருத்தம், திருத்தம், திருத்தம். எந்தத் திருத்தம் யாருடையது என்று அந்தக் கடவுளுக்கே குழப்பமாக இருக்கும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு நட்சத்திரமும் தனக்கு முந்தியது எது என்று ஒரு நீளமான எண்ணை உள்ளே வைத்திருக்கிறது. படத்தை நம்ப வேண்டாம். அந்த எண்ணைக் கம்ப்யூட்டரிடம் கேளுங்கள். ஒரு வரி தட்டினால் சொல்லிவிடும். என்னிடம் இங்கே நகல் இல்லை. இருந்தால் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

இங்கே புது ஆபீஸ் பரவாயில்லை. ஆனால் என் வேலையை மெயின் கோட்டில் (நம் இடது கோட்டுக்கு இங்கே அதுதான் பெயர்) சேர்க்கும் பட்டன் பக்கம் கை போனால் நின்றுவிடுகிறது. பக்கத்து சீட்டுக்காரி, "என்னப்பா, பட்டன் சுடுதா?" என்று கேட்கிறாள்.

சின்னவள்

மார்ச் 19

சின்னவளுக்கு,

நீ எழுதியதைப் படித்தேன். நான் வரைந்த படத்துக்கு வேறொன்றைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டுமாம். நான் மாட்டேன். அந்த எண்ணைப் பார்த்திருக்கிறேன். பூனை கீபோர்டில் நடந்தது மாதிரி இருக்கும். அதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது என்பதால்தானே படமே போட்டேன்? படத்தைச் சரிபார்க்க எண்ணிடம் போவதென்றால் படம் எதற்கு?

உன் அண்ணனிடம் கேட்டேன். "என்னங்க, இது கடக்குதா, திரும்புதா?" என்றேன். காகிதத்தை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "ரெண்டு மாதிரியும் தெரியுதும்மா" என்றார். "ரெண்டு மாதிரியும் எப்படித் தெரியும்? ஒண்ணைச் சொல்லுங்க" என்றேன். "ஒண்ணைச் சொன்னா ஒருத்தி சோறு போட மாட்டா, இன்னொருத்தி போனை எடுக்க மாட்டா" என்று சொல்லிவிட்டு வயர் கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று போகிற போக்கில் ஒரு முனகல் வேறு.

எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. ஆனால் ஒன்றை எழுதிவைக்கிறேன். காலையில் பார்த்தால் கோடு திரும்புகிறது. தெளிவாகத் தெரிகிறது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அதே கோடு கடக்கிறது. வேறு காகிதமோ என்று அச்சடித்த தேதியைப் பார்த்தேன். அதே காகிதம். கண்ணாடியில்தான் கோளாறு என்று முடிவு செய்து கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எழுத்துப் பலகையைக் காட்டி, "கடைசி வரி தெரியுதாம்மா?" என்றார். "அதை விடுங்க, இது உங்களுக்கு எப்படித் தெரியுது?" என்று படத்தை நீட்டினேன்.

"குறுக்க போகுது" என்றார்.

"நல்லாப் பாருங்க."

"ஆமா... இல்லல்ல, முட்டித் திரும்புது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னம்மா இது, புதுசா வந்திருக்கற டெஸ்ட்டா?"

என் கண்ணில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார். அவருடைய கண்ணைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம்.

உனக்குப் பட்டன் சுடுவதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. சேர்க்கிற கை தயங்கினால் அந்தக் கைக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அண்ணி

மார்ச் 28

அண்ணிக்கு,

உங்கள் கடைசி வரியைப் படித்த பிறகு ஒரு வாரம் எழுதவில்லை. கோபத்தில் இல்லை. ஒருவேளை நீங்கள் சொல்வது சரியோ என்றுதான்.

எனக்கு இதுதான் பிரச்சினை, அண்ணி. நீங்கள் எதைச் சொன்னாலும் கல்லில் வெட்டிய மாதிரி சொல்கிறீர்கள். நான் எதையும் அப்படிச் சொன்னதில்லை. "எனக்குத் தெரிஞ்சு", "அநேகமா" என்று முன்னால் ஒரு மெத்தையைப் போட்டுத்தான் பேசுவேன். அதனால் நீங்கள் சொல்லச் சொல்ல, எனக்கு என் ஞாபகமே நழுவுகிறது. அந்தச் செவ்வாய்க்கிழமையை யோசித்துப் பார்க்கிறேன். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு கீபோர்டு. நான் லிஃப்டில் எடை கூடினால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தீர்கள். நான் தண்ணீர் குடிக்கப் போனால் நீங்கள் கீபோர்டை இழுத்துக்கொள்வீர்கள். நீங்கள் போன் எடுத்தால் நான் இழுத்துக்கொள்வேன். சேர்ப்பதற்கான வரியைத் தட்டிய சத்தம் காதில் இருக்கிறது. அந்தக் கையில் உங்கள் வளையல் இருந்ததா, என் வாட்ச் இருந்ததா? ஒரு நாள் வளையலாகத் தெரிகிறது. மறுநாள் வாட்சாகத் தெரிகிறது.

உங்கள் படத்தை இங்கே டீ குடிக்கும் இடத்தில் காட்டினேன். பாதிப் பேர் கடக்கிறது என்றார்கள். பாதிப் பேர் திரும்புகிறது என்றார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு கட்சியும் இடம் மாறிவிட்டது. மேனேஜர் வந்து, "கலர்ல போட்டா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருமே, யாருப்பா இப்படி எழுத்துல வரைஞ்சது?" என்றார். "எங்க அண்ணி, அந்த மெஷின்ல கலர் கிடையாது" என்றேன். உங்களை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. ஏன் என்று எனக்கும் தெரியவில்லை.

அதே மேனேஜர் நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் முடித்த வேலை எல்லாம் தனிக்கோட்டிலேயே கிடக்கிறது, ஒன்றைக்கூட நான் மெயினில் சேர்க்கவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த மாதம் பாதிக்குள் நானே சேர்க்க ஆரம்பிக்கவில்லை என்றால், போன் எடுத்துப் பதில் சொல்லும் சீட்டுக்கு மாற்றிவிடுவாராம். திட்டவில்லை. "ஏதோ பயந்திருக்கீங்க" என்றார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

நான்தான் என்றால் நான்தான் என்று எழுதிவிடுங்கள், அண்ணி. ஒப்புக்கொள்கிறேன். தப்பு செய்தவளாக இருந்துவிட்டுப் போகிறேன். ஒரு தடவை செய்தோம், இனி கவனமாக இருப்போம் என்று இருந்துவிடலாம். செய்தோமா இல்லையா என்று தெரியாமல் எப்படி இருப்பது? படத்தைப் பார்க்காதீர்கள். எண்ணைக் கேளுங்கள்.

சின்னவள்

ஏப்ரல் 2

சின்னவளுக்கு,

வேறு வேலையாகக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். திறந்துதான் இருக்கிறதே என்று அந்த எண்ணையும் கேட்டுப் பார்த்தேன். நீ சொன்னதற்காக இல்லை.

சேர்ந்த நட்சத்திரத்துக்கு முந்தியது எது, அதற்கு முந்தியது எது என்று ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஒவ்வொன்றும் ஒரு ரயில் நீளத்துக்கு வருகிறது. பாதி எழுத்து, பாதி எண். காகிதத்தில் எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டேன். நடுவில் உன் அண்ணன் வந்து, "சாப்பாடு?" என்றார். எந்த எழுத்தில் இருந்தேன் என்பது போயிற்று. திரும்ப முதலிலிருந்து. பிறகு பேனா மை ஊறி எட்டா, மூன்றா என்று ஒரு சந்தேகம். திரும்ப முதலிலிருந்து. எனக்கு இத்தனை வயதில் இதெல்லாம் தேவையா என்று யாராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

நாளைக்குப் பல் டாக்டர் கட்டடத்துக்குப் போகிறேன். அங்கே எனக்கு வேலை இருக்கிறது.

அண்ணி

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

எண்ணைப் பார்த்தேன் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, எண் என்ன சொன்னது என்று எழுதாமல் கையெழுத்துப் போடும் ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தேன். கவரைக் கிழித்து உள்ளே பார்த்தேன். ஒருவேளை நான்தான், எழுத மனசு வரவில்லை போல என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் ஆபீசுக்கே போகவில்லை.

அப்புறம் அண்ணன் கூப்பிட்டார். பின்னால் தண்ணீர்ச் சத்தம் இல்லை. "ஏண்ணா, இன்னிக்குக் குளிக்கலையா?" என்றேன். "கூடத்துல உக்காந்துதான் பேசறேன், குட்டி. உங்க அண்ணிதான் பேசச் சொன்னா. அதாவது, பேச வேணாம்னு சொல்லல" என்றார்.

அவர் சொன்னதை எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்துங்கள். நீங்கள் டாக்டரின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனீர்களாம். அவர் ஒருவர் வாயில் கண்ணாடியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாராம். நீங்கள் படத்தை விளக்குக்கு அடியில் நீட்டி, "டாக்டர், அன்னிக்கு நான் விரல் வெச்ச இடம் சரி. விரல் போன வழிதான் சரியில்ல. உங்க லிஃப்டை நிறுத்தினது எங்க சின்னவ இல்ல" என்றீர்களாம்.

"அப்ப யாருங்க?" என்று டாக்டர் கேட்டாராம்.

"எங்க கம்பெனியில மொத்தமே மூணு பேர். ஒருத்தர் வயர் இழுக்கறவர், அவருக்குப் புரோகிராம் தெரியாது. ஒருத்தி இல்லைன்னு இப்பச் சொல்லிட்டேன். மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. படிச்சவர்தானே."

நாற்காலியில் இருந்தவர் வாயைத் திறந்தபடியே கையைத் தூக்கி உங்களைக் காட்டினாராம். டாக்டர் சிரித்ததில் கையிலிருந்த கருவி கீழே விழுந்துவிட்டதாம். அப்புறம் நீங்கள் மீட்டிங்குக்கு வந்த ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி இதையே சொல்லிவிட்டு, கடைசியில் அந்த லிஃப்டிலேயே இறங்கி வந்தீர்களாம். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் கண்ணை மூடிக்கொண்டீர்களாம். அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்தாராம்.

நேற்று என் வேலையை மெயினில் சேர்த்தேன். பட்டன் சுடவில்லை. பக்கத்து சீட்டுக்காரி கை தட்டினாள்.

ஆனால் ஒன்று புரியவில்லை, அண்ணி. கட்டடம் முழுக்கச் சொன்னீர்கள். என்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை?

சின்னவள்

ஏப்ரல் 16

சின்னவளுக்கு,

உன் அண்ணன் வாய்க்கு ஒரு மூடி செய்ய வேண்டும். லிஃப்டில் நான் கண்ணை மூடவில்லை. தூசி விழுந்தது.

கட்டடத்தில் சொன்னது கட்டடத்துக்குச் சொன்னது. அங்கே தவறாகச் சொல்லப்பட்டது, அங்கேயே சரியாகச் சொல்லப்பட்டது. முடிந்தது. நான் தவறு செய்தேன் என்று எங்கேயும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னதாக உன் அண்ணன் சொன்னால் நம்பாதே. உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். காகிதத்தை எடுத்துவைத்து இரண்டு முறை உட்கார்ந்தேன். கதவு வேலையை அன்றைக்கு முடித்துவிட்டேன் என்றுதான் எனக்கு இப்போதும் ஞாபகம். எண் வேறு சொல்கிறது. ஞாபகத்தை நம்புவதா, எண்ணை நம்புவதா என்று தெரியாமல் எப்படி எழுதுவது? நீ எழுதினாயே, தெரியாமல் எப்படி இருப்பது என்று. இருக்கலாம். நான் இருந்துகொண்டிருக்கிறேன்.

இனி கம்ப்யூட்டரில் அவரவர் வேலைக்கு அவரவர் பெயர். "ஆபீஸ்" என்ற பெயரை எடுத்துவிட்டேன். என் பெயரை வைத்தேன். உன் பெயரையும் வைத்திருக்கிறேன், நீ வேறு ஊரில் வேறு கம்பெனியில் இருந்தாலும். பெயர் இருந்தால் என்ன, சோறா கேட்கப்போகிறது?

வரைகிற புரோகிராமிலும் ஒரு மாற்றம் செய்தேன். மெஷின் ரூம் திரையில் ஒரு வரி குறைகிறது. மேலே ஒரு நட்சத்திரம் தெரியாமல் போகிறது. அது பரவாயில்லை என்று நான் சொல்லமாட்டேன். போகிறது, அவ்வளவுதான். அதே பழைய படத்தைத் திரும்ப அச்சடித்து வைத்திருக்கிறேன். மதியம் பார்த்தாலும் காலையில் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது. கண்ணாடிக் கடைக்காரரிடமும் காட்டினேன்.

```
*
|\
| *   *
|  \ /
|   /
|  / \
| *   *
```

கடக்கிற இடத்தில் ஒன்று முழுசாக மேலே போகும். இன்னொன்று அறுந்து அதன் அடியில் போகும். எது மேலே, எது அடியில் என்பதைப் புரோகிராம் முடிவு செய்யாது. எழுதுகிறவள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் முடிவு செய்துவிட்டேன். காரணம் கேட்காதே.

கீழே இடப்பக்க நட்சத்திரத்தில் விரலை வை. மேலே இழுத்துக்கொண்டு போ.

அண்ணி